பாலத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை

அத்தியாயம் பதினான்கு

பந்தல் பறந்துவிடும் போலிருந்தது.

ஆனி மாதத்துக் காற்று பாம்பனுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று விடிந்ததிலிருந்து அது வீசிய விதம் வேறாக இருந்தது. வாசலில் கட்டிய வாழை மரங்களின் இலையை நார் நாராகக் கிழித்தது. கோலமாவைத் தரையில் விழவே விடவில்லை. ஆட்கள் நாலு மூலையிலும் கயிறு போட்டுப் பந்தலை இழுத்துக் கட்டினார்கள். கயிற்றுக்குக் குறைவில்லை. கல்யாண வீட்டுக்காரர் சோணைமுத்து, கடைத்தெருவில் படகுக்காரர்களுக்குக் கயிறும் பாயும் விற்பவர்.

"பறந்தாப் பறக்கட்டும்லே! வானத்துக்குக் கீழ தாலி கட்டுனா ஒட்டாதாக்கும்?" என்று சிரித்தார் சோணைமுத்து.

அவர் அப்படித்தான். எதற்கும் அசைய மாட்டார். அவர் அசையாமல் இருக்க முடிந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் மனைவி அசைந்துகொண்டிருந்ததுதான்.

உலகம்மாளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் கடை பூட்டி வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், அவரைப் பிணமாகத் தூக்கி வருவது வரைக்கும் மனசுக்குள் பார்த்து, அழுதும் முடித்துவிடுவாள். மகள் பூமயில் தும்மினால் ராமநாதபுரம் ஆஸ்பத்திரி கண்ணுக்கு முன்னால் வரும். இந்தப் பழக்கம் கல்யாணமான நாளிலிருந்து கூடவே வந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த மறுநாள்தான் அவளுக்கு உறைத்தது. அடுப்படியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த பூமயில், "அம்மா, பரமக்குடியில எனக்கு ஒண்ணு ஆயிட்டா, நீ வந்து சேர்றதுக்குள்ள என்னம்மா ஆகும்?" என்று கேட்டாள்.

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அது மகளின் பேச்சே இல்லை. அச்சு அசலாகத் தன் பேச்சு. சீர் வரிசையோடு சேர்த்து இதையும் கட்டிக் கொடுத்து அனுப்பப் போகிறோமா?

அடுத்த வீட்டு ரம்ஜான் பீவியிடம் ஓடினாள். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தவர்கள். பீவியின் கணவர் ஹாஜா முகைதீனுக்குக் கொழும்பில் கடை. வருஷத்தில் பாதி நாள் அவர் கடலுக்கு அந்தப் பக்கம்.

"நீ மட்டும் எப்படிடி நிம்மதியா இருக்க?"

"நிம்மதின்னு யாரு சொன்னா? நானும் கவலப்படுறவதான். ஆனா சாயந்தரம் அசர் தொழுதுட்டு உக்காந்து கொஞ்ச நேரம் படுவேன். அதோட சரி. மத்த நேரத்துல வந்துச்சுன்னா, 'அசருக்குப் பெறகு வா'ன்னு வெரட்டி விட்டுருவேன். அங்கன போய் உக்காந்து பாத்தா, காலையில வந்ததுல முக்காவாசி திரும்பி வராது உலகு!"

உலகம்மாளும் சாயந்தரங்களில் கிணற்றடியில் போய் உட்காரத் தொடங்கினாள். முதலில் அது நடக்கவில்லை. பகலெல்லாம் வழக்கம் போலக் கவலைப்பட்டுவிட்டு, சாயந்தரம் தனியாக வேறு ஒரு தடவை கவலைப்பட்டாள். ரம்ஜான் பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு உலகம்மாளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். நடந்தது எது, தான் நினைத்தது எது என்று பிரிப்பது. அரிசியில் கல் பொறுக்குவது போல. நடந்ததற்கு ஏதாவது செய்ய முடிந்தது. நினைத்ததற்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. சில நாள் பிரிக்க வந்தது. சில நாள் கை தவறி எல்லாம் ஒன்றாகக் கொட்டிப் போனது.

அப்படிக் கொட்டிப் போகக்கூடாத நாள் ஒன்று உண்டென்றால் அது இன்றைய நாள்தான்.

மாப்பிள்ளை உக்கிரபாண்டி பரமக்குடிக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். பேரில் இருக்கிற உக்கிரம் ஆளிடம் கிடையாது. அப்பாவோடு பெண் பார்க்க வந்தபோது காபியைக் கையில் வைத்துக்கொண்டே ஆற விட்டவர். மாப்பிள்ளை வீட்டார் காலை ரயிலில் வந்து இறங்கி, ஒன்பதரைக்கு முகூர்த்தம் என்று ஏற்பாடு. ஆனியில் அதுதான் கடைசி முகூர்த்தநாள். அதை விட்டால் ஆடி. ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்?

மேளக்காரர்கள் வாத்தியத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்டேஷன் போர்ட்டர் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"வண்டி வராதுங்க! பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் டேசன்லயே நிப்பாட்டிட்டாக. காத்து அளவுக்கு மேல போயிருச்சு. பாலத்துக்குக் கைகாட்டி இறங்கல!"

 பாம்பன்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாலத்தின் மேல் காற்றை அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. காற்று அளவு மீறினால் கைகாட்டி இறங்காது. கைகாட்டி இறங்காமல் எந்த டிரைவரும் பாலத்தில் சக்கரத்தை வைக்க மாட்டார். அது மணிக்கணக்காகவும் ஆகலாம், ஒரு நாளாகவும் ஆகலாம்.

சோணைமுத்து சமையல்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அங்கே குவித்திருந்த பூசணிக்காய்களின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போச்சு," என்றார். "எல்லாம் போச்சு."

உலகம்மாள் கணவரைப் பார்த்துத் திகைத்துப் போனாள். அந்த முகத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. உதடு வெளுத்திருந்தது.

"ஏ உலகு... வண்டி பாலத்துல ஏறி, காத்து தள்ளி, கடலுக்குள்ள விழுந்திருந்தா?"

"ஏங்க, வண்டி மண்டபத்துல நிக்குதுங்க. நிக்கிற வண்டி எப்படிங்க விழும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொன்ன பிறகுதான் உலகம்மாளுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. வழக்கமாக இந்தப் பேச்சில் அவர் பேசும் பங்கைத்தான் இவள் இன்று பேசியிருக்கிறாள்!

ஆனால் சிரிப்பை அடக்க ஓர் ஆள் வந்தாள். சோணைமுத்துவின் அக்காள் நாகலெட்சுமி. இந்தச் சம்பந்தமே பிடிக்காமல், பரமக்குடியில் நடந்த நிச்சயதார்த்தத்துக்குக்கூட வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு பாம்பனிலேயே இருந்துவிட்டவள்.

"நான் சொன்னா யாரு கேட்டீக? கடல் மறிக்குது, காத்து மறிக்குது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இந்தப் புள்ள அந்த வீட்டுக்கு வாழப் போகக்கூடாதுன்னு தெய்வமே கைகாட்டியத் தூக்கிப் பிடிச்சிருக்கு!"

சகுனம். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உலகம்மாளுக்குள்ளே மதகு திறந்தது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகிறார்கள். பூமயிலை ராசியில்லாதவள் என்று ஊர் சொல்கிறது. ஆவணி வருகிறது, தை வருகிறது, யாரும் பெண் கேட்டு வரவில்லை. கிணற்றடியில் பூமயில் தனியாக நிற்கிறாள், தலை நரைத்து...

காதுக்குள் இரைந்தது. பந்தல் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

'பிரி,' என்று தனக்கே சொன்னாள். 'பிரி உலகம்மா. நடந்தது எது?'

வண்டி மண்டபத்தில் நிற்கிறது. மாப்பிள்ளை அதில் இருக்கிறார். காற்று அடிக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. நரைத்த தலை நடக்கவில்லை. அது இவள் கட்டிய பந்தல்.

அவள் பிடியை விட்டாள்.

"மதினி, உங்க கவலையச் சாயந்தரமாப் பேசுவோம்," என்றாள் நாகலெட்சுமியிடம். "இப்ப எனக்கு வேல இருக்கு."



"சாமி!" உலகம்மாள் புரோகிதரிடம் போனாள். "ஒம்பதரை தாண்டிட்டா இன்னைக்கு வேற நேரமே கெடையாதா?"

புரோகிதர் தயங்கி, விரல் விட்டு எண்ணி, முகம் மலர்ந்தார். "இருக்கே! உச்சிவேளை. அபிஜித்துன்னு சொல்லுவோம். சூரியன் தலைக்கு மேல நிக்கற நேரம். அதுக்கு எந்தத் தோஷமும் கிடையாது."

"இத நாகலெட்சுமி மதினி காதுல விழுற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க சாமி!"

புரோகிதர் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஏ, சமையக்கட்டுல! வந்தவுகளுக்குப் பலகாரப் பந்தியப் போடுங்க. பசியோட இருந்தாத்தான் வாயி கண்டதப் பேசும். ரம்ஜானு, நீ என்கூட வா!"

"எங்கடி?"

"டேசனுக்கு!"

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உலகம்மாள் நடந்த நடையில் ரம்ஜான் பீவிக்கு மூச்சு வாங்கியது. காற்று இருவரையும் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது. தெருவில் மணல் பறந்தது. ஒரு கூரையிலிருந்து கீற்று பிய்ந்து அவர்கள் தலைக்கு மேலாகப் போனது.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் சட்டம் என்பவர். மண்டபத்தில் நிற்கிற சம்பந்தியிடம் பேச வேண்டும் என்றதும் இரண்டு கையையும் விரித்தார்.

"இது ரயில் ஓட்டற போன் அம்மா. கல்யாணம் பேசற போன் இல்ல. உங்க கையில குடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"என் கையில வேணாம் சார். உங்க வாயில இருந்தாப் போதும்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"நான் சொல்றத நீங்க சொல்லுங்க. அவுக சொல்றத எனக்குச் சொல்லுங்க. போன் உங்க கையில, அதிகாரம் உங்ககிட்ட!"

ஸ்டேஷன் மாஸ்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனின் கைப்பிடியைச் சுற்றினார். மண்டபத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஏதோ இங்கிலீஷில் பேசினார். மாப்பிள்ளையின் அப்பா செல்லச்சாமியைக் கூப்பிட்டு வர ஆள் போனது. ஒரு முனையில் உலகம்மாள், மறுமுனையில் செல்லச்சாமி, நடுவில் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள்.

"வந்துட்டாராம். என்ன சொல்லணும்?"

"கும்புடுறேன்னு சொல்லுங்க. எல்லாரும் சாப்பிட்டீகளான்னு கேளுங்க."

கேட்டார். பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது.

"அம்மா... அவங்க திரும்பிப் போறாங்களாம். இந்த வண்டியை அப்படியே திருப்பி விட்டா அதுலயே பரமக்குடிக்குப் போயிடறோம்கிறார். அவங்க பக்கத்துப் பெரியவங்க எல்லாம் சகுனம் சரியில்லன்னு சொல்றாங்களாம்."

ரம்ஜான் பீவி "யா அல்லாஹ்" என்று உலகம்மாளின் முழங்கையைப் பிடித்தாள்.

உலகம்மாள் பிரித்துப் பார்த்தாள். இது நினைத்ததல்ல; நடப்பது. ஆச்சரியம் என்னவென்றால், நடப்பது என்று தெரிந்ததும் கால் தரையில் ஊன்றியது.

"சார், நடந்தது என்னன்னு அண்ணன்கிட்ட கேளுங்க."

"என்ன நடந்ததுன்னா?"

"கேளுங்க சார்!"

கேட்டார். "காத்து அடிச்சுதாம்."

"காத்து எம் மகளுக்காகவா அடிச்சுச்சு? அந்த வண்டியில ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்புடப் போறவுக இருக்காக. தனுஷ்கோடி போயிக் கப்பல் ஏறப் போறவுக இருக்காக. வண்டி அவுகளுக்கும்தான் நிக்குது. அத்தன பேருக்கும் சேத்தா எம் மக கெட்ட சகுனம் கொண்டாந்திருக்கா?"

ஸ்டேஷன் மாஸ்டர் இதை எடுத்துச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. கடைசியில், யாரும் சொல்லாத ஒன்றைத் தாமாகச் சேர்த்தார்: "நானும் அதையே கேக்கறேன் சார்! வருஷா வருஷம் ஆனியில நின்னுண்டுதான் இருக்கு!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சிரிக்கிறாராம் அம்மா! ஆனா, முகூர்த்தம் போயிட்டுதேங்கிறார்."

"உச்சிவேளையில ஒண்ணு இருக்கு. சாமி பாத்துச் சொல்லிட்டாரு."

"அதுக்குள்ளேயும் காத்து நிக்காட்டி என்னங்கிறார்?"

இந்தக் கேள்வியை உலகம்மாள் ஆயிரம் தடவை தன்னிடமே கேட்டிருக்கிறாள், வேறு வேறு விதமாக. கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள்.

"நிக்காட்டி, சமைச்சத ஊருக்குப் போட்டுர்றோம். ஆவணி மொத முகூர்த்தத்துல நாங்க எல்லாரும் பரமக்குடிக்கு வந்துர்றோம். கல்யாணத்த அங்கன வச்சுக்கிருவோம். அங்க பாலமும் இல்ல, காத்தும் இல்ல. கல்யாணம் ஒரு மாசம் தள்ளிப் போகும். அதுக்கு மேல ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க சார்."

சொல்லி முடித்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவுதானா? இத்தனை நாள் மலை மாதிரி நின்றது இவ்வளவுதானா?

போனில் திடீரென்று ஒரே இரைச்சல். ஸ்டேஷன் மாஸ்டர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"மாப்பிள்ளையே வந்து நிக்கறாராம்! யார் திரும்பினாலும் தான் திரும்பறதா இல்லையாம். வண்டி போகாட்டி, பாலத்துல நடந்தாவது வந்து தாலி கட்டுவேங்கிறார்!"

"ஐயையோ! பாலத்துல நடக்கக் கூடாதுன்னு சொல்லுங்க சார்! காத்து தள்ளிவிட்டுரும்!"

ரம்ஜான் பீவி அவள் காதில் குனிந்தாள். "உலகு, இது நெனப்பா, நடப்பா?"

"இது நடப்புடி! இந்தக் காத்துல எவனாச்சும் பாலத்துல நடப்பானா?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுமுனையில் மண்டபத்து ஸ்டேஷன் மாஸ்டரும் சிரிப்பதாக இவர் சொன்னார்.

செல்லச்சாமி உச்சிவேளை வரை காத்திருக்க ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் உலகம்மாள் நேராக மணப்பெண் இருந்த அறைக்குப் போனாள். பூமயில் முழு அலங்காரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். விரல் வாயில் இருந்தது. மருதாணி வைத்த நகம் ஒன்று பாதி போயிருந்தது.

"அம்மா, நெஞ்சு அடிக்குதும்மா."

முன்பென்றால், 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதிருப்பாள். இப்போது மகளின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள்.

"பாரு. எனக்கும்தான் அடிக்குது."

பூமயில் கண்ணை அகல விரித்தாள். "ஆமா. என்னோடதவிட வேகமா அடிக்குதே!"

"அடிக்கட்டும். அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும், நாம பாட்டுக்கு வேலையப் பாப்போம். மாப்பிள்ள அங்கன என்ன சொன்னாரு தெரியுமா? பாலத்துல நடந்தாவது வருவேன்னாராம்!"

"அவுகளா?" பூமயிலால் நம்ப முடியவில்லை. "காப்பி குடிக்கக் கூச்சப்பட்டவுகளா?"

"அவுகளேதான்!"

பூமயில் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்குள்ளே சிரிப்பு ஓடுவது தோளில் தெரிந்தது. விரல் வாய்க்குப் போகவில்லை.

வெளியே பலகாரப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்தவர்கள் கடற்கரைப் பக்கம் போய் நின்று, பாலத்துக் கைகாட்டியைப் பார்க்கத் தொடங்கினார்கள். நேரம் போகப் போகக் கூட்டம் அங்கே கூடியது. மேளக்காரர்களும் வாத்தியத்தோடு அங்கே போய்விட்டார்கள். "கொஞ்சம் அடங்கியிருக்கு" என்பார் ஒருவர். உடனே ஒரு வீச்சு வந்து அவர் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். புரோகிதர் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்த்தார். சூரியன் ஏறிக்கொண்டே இருந்தது.

சோணைமுத்து மட்டும் பூசணிக்காய்களை விட்டு எழுந்திருக்கவில்லை. உலகம்மாள் ஒரு செம்பில் மோரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெனமும் இப்படித்தான் இருக்குமா புள்ள?" என்று கேட்டார் அவர், மெதுவாக.

"எது?"

"இந்த... நெஞ்சுக்குள்ள பெசயிறது."

"தெனமும்."

அவர் மோரைக் குடிக்காமல் அவளையே பார்த்தார். "எனக்குத் தெரியாமப் போச்சே. நீ ஏதோ பேச்சுக்குச் சொல்றன்னுல்ல நெனச்சிருந்தேன்."

 அவள் பதில் சொல்வதற்குள் கடற்கரையிலிருந்து கூச்சல் எழுந்தது.

"இறங்கிருச்சு! கைகாட்டி இறங்கிருச்சு!"

பிறகு யார் யாரைக் கேட்டார்கள்? பந்தல் காலியாயிற்று. சோணைமுத்து செம்பை எங்கேயோ வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். நாகஸ்வரக்காரர் ஓடிக்கொண்டே ஊதினார். தவில்காரர் ஓடிக்கொண்டே அடித்தார். இரண்டும் சேரவே இல்லை, ஆனால் அன்று அதைவிட இனிமையாக எதுவும் யார் காதிலும் விழவில்லை. தூரத்தில், கடலுக்கு நடுவே, புகை ஒன்று சாய்ந்தபடி கிளம்பியது. வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. ஊர்ந்து, ஊர்ந்து, ஒவ்வொரு தூணாகத் தாண்டி வந்தது. அலை அடித்துத் தண்டவாளத்து உயரம் வரை திவலை எழும்பியது. தூக்குப்பாலத்தைத் தாண்டியதும் இஞ்சின் நீளமாக ஊதியது. கூட்டம் பதிலுக்குக் கத்தியது.

"வந்துட்டாக! மாப்பிள்ள வந்துட்டாக!"

ரம்ஜான் பீவி குலவைச் சத்தத்துக்கு நடுவே நின்று, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் முதலில் இறங்கியவர் உக்கிரபாண்டி. பட்டு வேட்டி கசங்கி, தலைப்பாகை சரிந்து, முகமெல்லாம் ரயில் கரி. அடுத்துச் செல்லச்சாமி. பிறகு சொந்தக்காரர்கள். உலகம்மாள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"அண்ணே, சம்பந்தி எங்க?"

செல்லச்சாமி தலையைத் தொங்கப் போட்டார். "என்னத்தச் சொல்ல தங்கச்சி. கைகாட்டி இறங்கிருச்சுன்னதும் பாண்டியம்மா கீழ இறங்கிட்டா. பாலத்தத் தாண்டி வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். எவ்வளவோ சொல்லியும் கேக்கல. அவ தங்கச்சியத் தொணைக்கு விட்டுட்டு வந்திருக்கோம்."

மாப்பிள்ளையின் அம்மா வரவில்லை! பின்னாலிருந்து நாகலெட்சுமி மூச்சை இழுப்பது கேட்டது. உக்கிரபாண்டியின் கண் கலங்கியிருந்தது. "அம்மா இல்லாம..." என்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"சூரியன் நிக்காது!" என்று தவித்தார் புரோகிதர்.

"தாலி யாருகிட்ட இருக்குண்ணே?" என்று கேட்டாள் உலகம்மாள்.

செல்லச்சாமி மடியிலிருந்து மஞ்சள் துணி முடிப்பை எடுத்தார். "அவதான் கண்ணுல ஒத்திக் குடுத்தா. 'எம் மருமகள நல்லா வச்சுக்கச் சொல்லு'ன்னா."

"அப்ப சம்பந்தி வந்தாச்சு," என்றாள் உலகம்மாள் உரக்க. "அவுக ஆசீர்வாதம் வந்தாச்சு. நடங்க மாப்பிள்ள. சாயந்தரம் நாமளே போயி அவுக கால்ல விழுவோம்."

உச்சி வெயிலில், காற்று இன்னமும் பந்தலை ஆட்டிக்கொண்டிருக்க, உக்கிரபாண்டி பூமயிலின் கழுத்தில் தாலி கட்டினார். போட்ட அட்சதையில் பாதியைக் காற்று சோணைமுத்துவின் மேலேயே திருப்பிக் கொட்டியது. அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

சாயந்தர ரயிலில் மாப்பிள்ளை வீட்டாரோடு மணமக்கள் பரமக்குடிக்குக் கிளம்பினார்கள். துணைக்கு அத்தை முறையில் நாகலெட்சுமி. உலகம்மாளும் ஏறினாள்.

"பொண்ணக் கொண்டுவிடத் தாயி போற வழக்கம் கெடையாது," என்றாள் நாகலெட்சுமி.

"வழக்கம் பரமக்குடி வரைக்கும் போறதுக்குத்தான் மதினி. நான் மண்டபத்தோட இறங்கி, எதிர் வண்டியில திரும்பிருவேன்."

இந்தப் பாலத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறாள். ஒரு முறைகூடக் கண்ணைத் திறந்து வைத்திருந்ததில்லை. இன்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி பாலத்தில் ஏறியதும் சக்கரத்தின் சத்தம் மாறியது. உள்ளங்கை வேர்த்தது. ஆனாலும் பார்த்தாள். கீழே பச்சையும் நீலமுமாகக் கடல் ஓடியது. பாறைகளின் மேல் நுரை பூத்துப் பூத்து உடைந்தது. பாய் விரித்த வள்ளம் ஒன்று பாலத்தை நோக்கி வந்தது. அதிலிருந்தவர் வண்டியைப் பார்த்துக் கை அசைத்தார்.

"பூமயிலு! பாருடி! இவ்வளவு அழகா இருந்திருக்கு!" என்று கத்தினாள் உலகம்மாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டபம் பிளாட்பாரத்தில் ஒரு தகரப்பெட்டியின் மேல் தங்கச்சியோடு பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மணமக்கள் காலில் விழுந்ததும் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு விம்மினாள். பாம்பன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்ட பழக்கூடையிலிருந்து ஒன்றை எடுத்து உரித்து அவள் கையில் வைத்தாள் உலகம்மாள். சுருங்கிய நெற்றி, தலைப்பை முறுக்கிக்கொண்டே இருக்கும் விரல். நிச்சயதார்த்தக் கூட்டத்தில் கவனிக்காதது இப்போது பார்த்தவுடன் புரிந்துபோயிற்று. இவளும் தன்னைப் போலத்தான்.

"சம்பந்தி, பாலம்னா எனக்கும் பயந்தான். இன்னைக்குத்தான் மொத மொதல்ல கண்ணத் தொறந்து..."

பாண்டியம்மாள் தலையை ஆட்டினாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குப் பாலத்துக்குப் பயமில்ல தாயி. பாம்பனுக்குத்தான் பயம்."

"பாம்பனுக்கா? ஏன்?"

 பாண்டியம்மாளின் பார்வை உலகம்மாளைத் தாண்டிப் போய், அங்கேயே நின்றுவிட்டது. உலகம்மாள் திரும்பினாள். ரயில் பெட்டியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு இறங்கிய நாகலெட்சுமி பிளாட்பாரத்தில் அப்படியே நின்றிருந்தாள். செம்பு சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. அது அவளுக்குத் தெரியவில்லை.

உலகம்மாளின் மனசுக்குள் கதைகள் கிளம்பிவிட்டன. ஒன்றல்ல, ஒரே நேரத்தில் பத்து. எதையும் அவள் உள்ளே விடவில்லை. நடந்தது என்ன? இவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கிறது. தெரியாததைக் கேட்டால் போயிற்று.

அவள் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"மதினி, இவுகள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாகலெட்சுமி காலியான செம்பைப் பிளாட்பாரத்தில் வைத்தாள். 

"உலகு... இவ பேரு பாண்டியம்மா இல்ல."

கார்டு பச்சைக் கொடியை விரித்தார். ஏறி உட்கார்ந்துவிட்ட மணமக்கள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்கள். பாண்டியம்மாள் பெட்டியை நோக்கி நடந்தாள். நாகலெட்சுமியும் பின்னால் நடந்தாள்.

எதிர் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. உலகம்மாள் அதற்காக நிற்கவில்லை. நகரத் தொடங்கிவிட்ட பரமக்குடி வண்டியின் கைப்பிடியை எட்டிப் பிடித்து ஏறினாள்.